புத்தருக்குப் பூணூல்

கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். அங்கேர்ந்து பார்த்தா கண்ணாடியில ஜன்னல் வெளிச்சம் அடிச்சு உங்க மூஞ்சிதான் உங்களுக்குத் தெரியும். இப்படித் தூணோரமா வாங்க. இப்பத் தெரியுதா? ம். வர்றவங்கள்லாம் நேரா போய் நின்னுட்டு, ஒண்ணும் தெரியலைன்னு அடுத்த பெட்டிக்குப் போயிடறாங்க.

நான் கைடு இல்லை சார். இந்த மியூசியத்துல வேலையும் பாக்கலை. சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன், அவ்வளவுதான். பேரு அகோரமூர்த்தி. சுவாமிமலையில ஸ்தபதி. விக்கிரகம் வார்க்கிறவங்க. எங்க தெருவுல போய் அகோரமூர்த்தி பட்டறைன்னு கேட்டுப் பாருங்க, கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விடுவாங்க.

உச்சியிலேர்ந்து பாருங்க. தலை மேல என்ன இருக்கு? கிரீடம்னுதானே நினைச்சீங்க? எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. அது தீ சார். ஜுவாலை. ஞானம் வந்தவருக்கு மண்டை உச்சியில ஒரு மேடு எழும்பும். அந்த மேட்டு மேல தீக்கொழுந்து. வடக்கே பண்ற புத்தருக்கு நீங்க இதைப் பாக்கறது அபூர்வம். நம்ம நாகப்பட்டினத்துப் பக்கம் வார்த்தவருக்கு இதுதான் அடையாளம். அஞ்சு கொழுந்து இருக்கு, எண்ணிக்கோங்க. நடுக் கொழுந்து மட்டும் லேசா வலப்பக்கம் சாஞ்சிருக்கும், காத்துல ஆடற மாதிரி. அதை மெழுகுல கொண்டுவர்றதுக்கு எட்டு நாள் ஆகும். அவசரப்பட்டா தீ வராது, வாழைப்பூதான் வரும்.

காது தொங்குது பாருங்க. ராஜா வீட்டுப் பிள்ளை. கனமான குண்டலம் போட்டுப் போட்டு இழுத்துப்போன காது. குண்டலத்தைக் கழட்டிப் போட்டுட்டாரு, காது அப்படியே நின்னுடுச்சு. துறந்தவருன்னு சொல்ல வேற எதுவுமே வேண்டாம், அந்த வெறுங்காது போதும். வலது கை தரையைத் தொடுது. தவத்தைக் கலைக்க வந்த மாரன் கேட்டானாம், நீ ஞானம் அடைஞ்சதுக்கு யாரு சாட்சின்னு. இவரு வாய் திறக்கலை. விரலைக் கீழே இறக்கி மண்ணைத் தொட்டாராம், இவதான் சாட்சின்னு. என்ன அழகு பாருங்க அந்த விரல்!

இப்ப அட்டையைப் படிங்க. எனக்குக் கண்ணாடி வேண்டாம், மனப்பாடம். “புத்தர், அமர்ந்த நிலை. பதினோராம் நூற்றாண்டு. மார்பில் முப்புரிநூல் காணப்படுவது மிக அரிய அம்சம்.” அரிய அம்சம்! ஒரு பேராசிரியர் இந்த நூலைப் பத்தி முப்பது பக்கம் எழுதியிருக்காரு. சைவமும் பௌத்தமும் சண்டையில்லாம கலந்து வாழ்ந்ததுக்கு அத்தாட்சியாம். நல்ல மனுஷன். என் வீட்டுக்கே வந்தாரு, காப்பி குடிச்சாரு, அந்த நூலைப் பத்தி என் அபிப்பிராயம் கேட்டாரு. நான் தலையை ஆட்டி வச்சேன்.

பதினோராம் நூற்றாண்டு இல்லை சார் அது. ஒம்பது வருஷம் ஆச்சு, ஐப்பசி மாசம். நான் வார்த்தது.

சிரிங்க, பரவாயில்லை. எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செய்யறாங்க.

எனக்கு ஒரே தங்கச்சி, தையல்நாயகி. அவளை என் பட்டறையிலேயே வேலை பார்த்த சட்டநாதனுக்குக் கட்டிக்குடுத்தேன். வேலை சுமார்தான். கை அவ்வளவு ஓடாது. ஆனா பேச்சு நல்லா பேசுவான். அதனால ஆர்டர் பிடிக்கிறது, கொண்டு போய்ச் சேர்க்கிறது எல்லாம் அவன் பொறுப்பு. அவன்தான் இந்த வேலையைக் கொண்டுவந்தான். வடக்கே ஒரு ஊர்ல, காலனிக்காரங்க, புத்த மதத்துல சேர்ந்தவங்க, சின்னதா ஒரு விகாரம் கட்டியிருக்காங்க. ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆன போதிராஜ்னு ஒருத்தர்தான் அவங்களுக்குத் தலைவரு. நாகப்பட்டினத்துப் புத்தர் மாதிரியே வேணும், நிறமும் பழசா இருக்கணும்னு கேட்டாரு. அந்த மாதிரி விக்கிரகத்தையெல்லாம் வெளியூருக்குக் கொண்டு போயிட்டாங்க, எங்க தாத்தன் பாட்டன் கும்பிட்டது எங்க கண்ணுல படட்டும்னாரு.

நான் அதுவரைக்கும் புத்தரைத் தொட்டதில்லை. நடராஜர், சோமாஸ்கந்தர், பெருமாள், அம்பாள், இதுதான் நம்ம கை. ஆனா ஒத்துக்கிட்டா ஒழுங்கா செய்யணும் இல்லையா? புஸ்தகம் வாங்கிப் படிச்சேன். படம் பார்த்தேன். ஜுவாலை, காது, நெத்திப் பொட்டு, கழுத்துல மூணு வரி, தலையில வலம் சுழியற முடி, ஒவ்வொண்ணா எழுதிச் சுவத்துல ஒட்டி வச்சேன். அடைமழை. மெழுகு ஒரு பக்கம் விறைச்சுக்கும், கட்டின மண்ணு ஒரு பக்கம் காயாது. ஈரத்தோட உலோகத்தை ஊத்தினா அந்த மண் கரு வெடிச்சிடும். இருபது நாள் அடுப்பு மூட்டி மூட்டிக் காய வச்சேன் சார்.

மெழுகு வேலையில கடைசியா நகை வைப்போம். மாலை, கச்சம், பூணூல். மெழுகை நூல் மாதிரித் திரிச்சு மேல ஒட்டறது. அந்தத் திரிக்கிற வேலை என் தங்கச்சிது. பலகையில எண்ணெய் தடவி உள்ளங்கையால உருட்டுவா பாருங்க, ஒரே சீரா, கம்பி மாதிரி வரும். சின்ன வயசுலேர்ந்து அவதான். எந்த விக்கிரகம்னு கேக்கமாட்டா. உடம்பு முடிஞ்சுதுன்னா மூணு இழை திரிச்சுத் தட்டுல வச்சுட்டுப் போயிடுவா. அன்னைக்கும் வச்சா. நான் எடுத்து, இடது தோள்லேர்ந்து வலது விலாவுக்கு ஒட்டினேன். பிக்குங்க போர்த்தற சீவர ஆடை ஒரு தோளைத்தான் மூடுது, இல்லையா? மத்தபடி மார்பு வெறுமையா இருந்தது. ஆடைக்கு வெளியில ரெண்டு விரக்கடை நீளம்தான், அதோ தெரியுது பாருங்க.

துறந்தவருக்கு எதுக்குப் பூணூல்? எல்லாத்தையும் கழட்டினவரு சார் அவரு. குண்டலம் கழட்டினது எனக்குத் தெரியும், சுவத்துல எழுதி ஒட்டியிருக்கேன். பூணூல் வைக்கக்கூடாதுன்னு எழுதி ஒட்டலை. அதை எவன் எழுதுவான்? முப்பத்தஞ்சு வருஷமா நான் ஒட்டாத பூணூல் இல்லை. நானே போட்டிருக்கேன், சட்டைக்குள்ள. நம்ம மூஞ்சியில மூக்கு இருக்கிறதை நாம தினம் கவனிக்கிறோமா? கருவை உடைச்சு எடுத்தோம். மூணு பேரு உக்காந்து ராவினோம். நானே உளி புடிச்சுக் கண்ணைத் திறந்தேன். ஒருத்தனுக்கும் தோணலை. சட்டநாதனுக்கும் தோணலை. அப்புறம் உப்பும் புளியும் பூசி, கொல்லையில மண்ணுல புதைச்சு, ஆடி மாசம் எடுத்தோம். ஆயிரம் வருஷம் சொல்லலாம் சார், அப்படி ஒரு நிறம். பார்த்தவன் கையெடுத்துக் கும்பிடுவான்.

இப்ப, தப்பு எங்கே நடந்துது தெரியுமா? சட்டநாதன்கிட்டதான். பழசு மாதிரி இருக்கிற விக்கிரகத்தை வெளியூர் அனுப்பறதுன்னா, இது புதுசுதான்னு சான்று வாங்கணும். போட்டோ ஒட்டி, வார்த்தவன் கையெழுத்துப் போட்டு மனு குடுக்கணும். நான்தான் போடணும். மூணு வாரமா அவன் கேட்டுக்கிட்டுதான் இருந்தான். எனக்கு அப்ப எங்க ஸ்தபதிகள் சங்கத்துல பாராட்டு விழா. சிற்பக்கலைச் சிகரம்னு பட்டம் குடுத்தாங்க. நாலு ஊர் ஸ்தபதிகள் வர்றாங்க. அந்த வேலையில நாளைக்குப் போடறேன், நாளைக்குப் போடறேன்னு சொன்னேன். பொறுக்க வேண்டியதுதானே? விகாரத்துல தேதி குறிச்சுட்டாங்கன்னு வைக்கோல் சுத்தி வேன்ல ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டான்.

அந்த வாரம்தான் ஏதோ ஒரு கோயில்ல நாலு சாமி திருடு போயிருந்தது. வழியில போலீஸ்காரங்க நிறுத்திட்டாங்க. இதை வார்த்தவரு எங்க மச்சான், சுவாமிமலையில கேட்டுப் பாருங்கன்னு சொல்லியிருக்கான். என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க.

ஸ்டேஷனுக்கு நான் தனியா போயிருந்தா கதை வேற சார். நான் அப்படித்தான் நினைக்கிறேன். அங்க போனா, எங்க ஊர்லேர்ந்தே இன்னும் ரெண்டு ஸ்தபதிகளைக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காங்க. அதுல ஒருத்தன் பஞ்சநதம். எனக்குப் பட்டம் குடுத்த அன்னைக்குப் பந்தியில உக்காராமயே போனவன். மெட்ராஸ்லேர்ந்து பழம்பொருள் நிபுணர்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. போதிராஜும் வந்திருந்தாரு. மேஜை மேல இந்தப் புத்தர் உக்காந்திருக்காரு, வைக்கோல் தூசியோட. சட்டநாதன் சுவரோரம் தரையில. என்னைப் பார்த்ததும் எழுந்துட்டான். மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு, வந்துட்டீங்களா மச்சான்னு.

அந்த அம்மா பென்சிலை எடுத்து இவரு மார்புல வச்சாங்க. “இது என்னன்னு சொல்லுங்க”ன்னாங்க.

அப்பத்தான் சார் நான் அதைப் பார்த்தேன். ஒம்பது மாசம் என் வீட்டுலயே இருந்தது, அப்பத்தான் பார்த்தேன்.

போதிராஜ் கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தாரு. சத்தமே போடலை. “எங்க புத்தருக்கு எதுக்குங்க இது? இது வேண்டாம்னுதானே நாங்க புத்தர்கிட்ட வந்தோம்”னாரு. அதைக் கேட்டுப் பஞ்சநதம் சிரிச்சான். “புத்தருக்கு உபநயனம் பண்ணி வச்ச மகானுபாவர் யாருய்யா?” அப்படின்னு கேட்டுட்டு என்னைத்தான் பார்த்தான். இன்ஸ்பெக்டரும் சிரிச்சிட்டாரு.

அந்த அம்மா மட்டும் சிரிக்கலை. “ஸ்தபதியாரே, சாஸ்திரம் தெரிஞ்ச இந்தக் காலத்து ஆளு யாராவது புத்தருக்குப் பூணூல் போடுவாங்களா?”ன்னு கேட்டாங்க. நல்லாப் பாருங்க சார், கேள்வியை நல்லாப் பாருங்க. நீ வார்த்தியான்னு கேக்கலை. யாராவது போடுவாங்களான்னுதான் கேட்டாங்க. நான் சொன்னேன், தொழில் கத்துக்க வந்த முதல் வருஷப் பிள்ளைகூடப் போடமாட்டான். என் பட்டறையில பூணூல் போட்ட புத்தரை நாங்க வார்க்கிறதில்லைன்னு. அதுல என்ன பொய்? சாஸ்திரத்தைத்தான் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க, கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன்.

“மச்சான்”னான் சட்டநாதன். “உங்க கைதானே மச்சான். நம்ம கொல்லையில இருந்துதானே எடுத்தோம். சொல்லுங்க மச்சான்.” பஞ்சநதம் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்கான். நான் என்ன பண்ணட்டும்? கீழே பார்த்தேன். ஒருத்தரு வார்க்கலைன்னா இன்னொருத்தர் வார்த்திருக்கணும், இந்தக் காலத்துல யாரும் வார்க்கலைன்னா அந்தக் காலத்துலதான் வார்த்திருக்கணும்னு அந்த அம்மா கணக்காச் சொல்லிட்டாங்க. பழசுன்னு முடிவாச்சு. பழசுன்னா, எங்கேயோ திருடினது.

மறுநாள் தையல்நாயகி என்கிட்டே கேக்காம, அந்த உருட்டற பலகையைத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டா சார். நான்தான் திரிச்சேன், இந்தப் பலகையிலதான் திரிச்சேன், எங்க அண்ணன்தான் ஒட்டிச்சு, வேணும்னா இப்பவே திரிச்சுக் காட்டறேன்னு. இன்ஸ்பெக்டர் எனக்கு போன் போட்டாரு, உங்க தங்கச்சி இப்படிச் சொல்றாங்களே, உண்மையான்னு. பட்டறை வாசல்ல நாலு பேரு நிக்கறாங்க சார் அப்ப. எங்க பட்டறையில பொம்பளைங்க மெழுகைத் தொடறதில்லைங்கன்னு சொன்னேன். அதுவும் ஒரு வகையில சரிதான், பட்டறைக்குள்ள அவ வந்ததில்லை. கூடத்துல உக்காந்துதான் திரிப்பா.

போன்ல நான் சொன்னதை அவளுக்கும் கேக்கற மாதிரி சத்தமா வச்சிருந்திருக்காரு அந்த மனுஷன். இது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

என்கூட ராவின வேலையாளுங்க ரெண்டு பேரும் வாயே திறக்கலை. நான் எங்கே பார்க்கறேனோ அங்கே பார்ப்பாங்க. ஜாமீன் ரெண்டு தடவை தள்ளிப்போச்சு. சட்டநாதனுக்கு மூச்சு இழுப்பு உண்டு, சின்னதுலேர்ந்து. ஜெயில் சுவத்து ஈரம் அவனுக்கு ஆகலை. ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கறான். கோபமே இல்லை சார் அவனுக்கு, அதுதான் எனக்குத் தாங்கலை. “மச்சான், நான் உங்களைக் குத்தம் சொல்லலை. கைப்பழக்கத்துல வந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதனால உங்க பேரு ஒண்ணும் குறைஞ்சுடாது மச்சான்”னான். நான் சொன்னேன், ஸ்டேஷன்ல சொன்னா யார் கேப்பா, கோர்ட்டுல கூண்டு ஏறிச் சொல்றேன், அதுக்குத்தான் மதிப்பு, நீ தைரியமா இருன்னு. நிஜமாவே சொல்றதாத்தான் இருந்தேன். என்ன வார்த்தை பேசணும்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்.

கேஸு விசாரணைக்கு வர்றதுக்குப் பதினோரு நாள் இருக்கறப்ப செத்துப்போயிட்டான். வைகாசி மாசம், பகல்ல, ஜெயில் ஆஸ்பத்திரியில. இன்னும் பதினோரு நாள் அவன் பொறுத்திருக்கலாம்.

கோவிச்சுக்காதீங்க. இதைச் சொன்னா நிறைய பேருக்கு மூஞ்சி மாறுது. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

ஆளே இல்லைன்னதும் கேஸை மூடிட்டாங்க. விக்கிரகம் எந்தக் கோயிலுதுன்னு தெரியலை, யாரும் கேக்கவும் இல்லை, கடைசியில இங்க கொண்டு வந்து கண்ணாடிக்குள்ள வச்சுட்டாங்க. போதிராஜ் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போனாராம். அந்த விகாரத்துல இப்ப சிமெண்டுல ஒரு புத்தர் இருக்காரு, அவங்களே செஞ்சது. நூல் இல்லாம.

தையல்நாயகி என் வீட்டுலதான் இருக்கா. நான்தான் வச்சுக் காப்பாத்தறேன், வேற யாரு இருக்கா? மெழுகு திரிக்கிறதை விட்டுட்டா. இப்ப மிஷின்ல இழுத்த மெழுகு நூல் கடையிலயே விக்குது, அதுல ஒண்ணும் குறைவில்லை. தெருவுல அவளைச் சிலைத்திருடன் பெண்டாட்டின்னுதான் அடையாளம் சொல்றாங்க. ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடறதில்லை, ஒரு காதுகுத்துக்குக் கூப்பிடறதில்லை. அவ அதுக்கெல்லாம் அழலை. என்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. செத்தவரு திருடன் இல்லைன்னு எழுத்துல இருக்கணும், அவ்வளவுதான் அண்ணேன்னா.

வக்கீல் ஒருத்தர்கிட்ட அவளே போய் மனு எழுதி வாங்கிட்டு வந்தா. இதோ பாருங்க, பையிலயே வச்சிருக்கேன். மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சு போச்சு, இது மூணாவது பிரதி. ஆறே வரி. இந்தச் சிலையை இன்ன வருஷம் வார்த்தது நான்தான். இதைக் கொண்டுபோன சட்டநாதன் திருடன் இல்லை. அட்டையை மாத்தணும். கீழே என் கையெழுத்து, அவ்வளவுதான். பொய் வாக்குமூலம் குடுத்ததா என்னை உள்ள போடுவாங்களான்னு வக்கீலையே கேட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு, இந்த வயசுல, ஒண்ணும் ஆகாதுன்னுட்டாரு. அதனால பயம்னு நினைக்காதீங்க. எனக்கு ஒரு பயமும் இல்லை.

நாலாவது வரியைப் படிங்க. “மார்பில் உள்ள பூணூல் என் கைத்தவறு.” இந்த ஒரு வரிதான் சார். இது எதுக்கு? வார்த்தேன்னு சொன்னாப் போதாதா? வக்கீல்கிட்ட கேட்டா, அந்த வரி இல்லாட்டி மத்த அஞ்சு வரியை எவனும் நம்பமாட்டான்னாரு. ஏன்னா ஃபைல்ல இருக்கிறது என் வாக்குமூலம். இந்தக் காலத்து ஸ்தபதி எவனும் இப்படிச் செய்யமாட்டான்னு நானே சொன்னது. பேராசிரியர் முப்பது பக்கத்துக்கும் அதுதான் அஸ்திவாரம். என் பேரைப் போட்டு, தலைசிறந்த ஸ்தபதின்னு எழுதியிருக்காரு. இப்ப அந்த நாலாவது வரியைப் பஞ்சநதம் படிச்சான்னா? அவன் பிள்ளைங்க படிச்சா? எங்க தெருவுல ஒவ்வொரு பட்டறையிலயும் இதைச் சொல்லிச் சிரிப்பாங்க சார், நான் செத்தப்புறமும் சிரிப்பாங்க.

நீங்க படிச்சவங்க. நாலாவது வரி இல்லாம, ஆனா நம்பற மாதிரி, எழுத முடியுமா? இல்லாட்டி, தங்கச்சி திரிச்சுக் குடுத்த நூலு, அவ தெரியாம வச்சுட்டான்னு எழுதினா? அவ ஒண்ணும் சொல்லமாட்டா. உண்மையும் அதுதானே, அவ அதைத் தட்டுல வைக்காம இருந்திருந்தா நான் ஒட்டியிருப்பேனா? என்ன சார், மனுவை மடிச்சுத் திருப்பிக் குடுக்கறீங்க.

சரி விடுங்க. மணி அஞ்சாகப் போவுது, சாத்திடுவாங்க. ஆபீசர் ரூம் அதோ, கதவு திறந்துதான் இருக்கு. ஃபேன் சுத்துது பாருங்க. காலையிலேர்ந்து உள்ளதான் இருக்காரு. நல்ல மாதிரி, மனு குடுத்தா உக்கார வச்சுப் பேசுவாரு. இன்னைக்கு வேண்டாம். அடுத்த சனிக்கிழமை பாக்கலாம்.

நீங்க கிளம்பறீங்களா? ஒரு உதவி பண்ணுங்க. கேட்டுக்கு வெளியில, பஸ் நிறுத்தத்துல பச்சைக் கட்டம் போட்ட புடவையில ஒருத்தி உக்காந்திருப்பா. உள்ள வரமாட்டா, இந்தப் புத்தர் மூஞ்சியை அவ பாக்கறதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் என்கூட பஸ் ஏறி வந்து, அங்கேயே உக்காந்திருந்து, திரும்ப என்கூடவே வருவா. உள்ளேர்ந்து யாரு வந்தாலும் எழுந்து வந்து கேப்பா. ஆபீசர் இன்னைக்கும் வரலைம்மான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார். நான் சொன்னா அவ இப்பல்லாம் நம்பறதில்லை.